பஸ் போகாத கரை

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை நம்பிக் காடு பார்க்கப் புறப்படுகிறவர் ஏமாந்துதான் போவார். திருக்காட்டுப்பள்ளி, திருவெண்காடு, தலைச்சங்காடு, திருச்சாய்க்காடு, திருமறைக்காடு என்று பழைய தஞ்சை ஜில்லா பூராவும் காடாகத்தான் இருக்கிறது, பெயரளவில். பஸ்ஸை விட்டு இறங்கினால் நாலு பக்கமும் நெல். நெல் இல்லாத இடத்தில் வாழை. இரண்டும் இல்லாத மாதத்தில் உளுந்து. நிஜக்காடு என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்ளும்படி கோடிக்கரையில் கடலோரமாக ஒன்று இருக்கிறது. அங்கே வெளிமான் உண்டு. 1967-இல் அதைச் சரணாலயமாக்கினார்கள். 1991-இல் ஜில்லாவைப் பிரித்தபோது மானும் காடுமாக அது நாகப்பட்டினத்தோடு போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது பெயர்.

சம்பந்தரும் அப்பரும் திருக்காட்டுப்பள்ளிக்கு வந்து பாடிய நாளில் இங்கே காடு அடர்த்தியாகவே இருந்திருக்கலாம். பள்ளி என்றால் துறவிகள் தங்கும் இடம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. துறவிகள் சந்தடி இல்லாத இடமாகத்தான் தேடிப் போவார்கள். இன்று கடைத்தெருவில் நின்றுகொண்டு அதை நினைத்துப் பார்ப்பது கொஞ்சம் சிரமம். பஸ் ஊதுகிறது, உரக்கடை வாசலில் மூட்டை இறங்குகிறது, பூண்டி மாதா கோயிலுக்குப் போகிற கூட்டம் டீக்கடையை மொய்க்கிறது. காட்டையும் காணோம், பள்ளியையும் காணோம்.

ஆனாலும் ஒரு கால்மணி நேரம் சைக்கிள் மிதிக்கத் தயாராக இருக்கிறவருக்கு இரண்டும் கிடைக்கும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரில்தான் காவேரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. எங்கள் பக்கத்தில் எந்த ஆறானாலும் அதற்கு இரண்டு கரை: பஸ் போகிற கரை ஒன்று, பஸ் போகாத கரை ஒன்று. பூகோளப் புத்தகத்தில் வலது கரை, இடது கரை என்று போட்டிருப்பார்கள். அது நீரோட்டத்தோடு போகிறவர்களுக்கு உபயோகப்படும். ஊர்க்காரர்களுக்கு நான் சொன்ன கணக்குத்தான். பஸ் போகிற கரையில் தார், கடை, கல்யாண மண்டபம், கட்சிக்கொடி எல்லாம் வந்துவிடும். எதிர்க்கரையில் செம்மண்ணும் சரளையும் கலந்து போட்ட ஒரு பாதை. அதன் நடுவில் முதுகெலும்பு மாதிரி புல் வரிசை. புல்லுக்கு இரண்டு பக்கமும் டிராக்டர் சக்கரம் அழுத்திய தடம். ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் சரிவாக இறங்கினால் தோப்பு, அதற்கப்பால் வயல். மேலே மரங்கள்.

அந்த மரங்கள்தான் எங்கள் காடு. ஆற்றுக்கும் கரைக்கும் இடையே தண்ணீர் பெருகினால் முழுகி, வடிந்தால் எழுந்துகொள்கிற நிலத்துக்குப் படுகை என்று பெயர். வருஷா வருஷம் வண்டல் ஏறுகிற மண். அதில் குத்திய குச்சியெல்லாம் மரமாகும். மூங்கில் கொத்துக் கொத்தாக நிற்கும். கரையடியில் மருதமரம், வெள்ளைத் தோலும் பருத்த அடியுமாக, நூறு வயசுக் கிழவர் ஆற்றில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. நாவல், புங்கன், பூவரசு, இலுப்பை, தண்ணீரோரத்தில் நாணல். செம்போத்து ஒன்று பாதையைக் குறுக்கே நடந்து கடக்கும். அது பறப்பதைவிட நடப்பதே அதிகம். மயில் இப்போது எங்கும் வந்துவிட்டது. சாயங்காலமானால் மருதமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் சண்டை போட ஆரம்பிக்கும். கீரி, உடும்பு, இருட்டினால் நரி. புலி இல்லை என்பதைத் தவிர ஒரு காட்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. அகலந்தான் குறைவு. அறுபது எழுபது அடி அகலமும் பல மைல் நீளமுமாக ஆற்றோடு கூடவே ஓடுகிற காடு இது. அதைப் பார்ப்பதற்கும் கூடவே ஓடத்தான் வேண்டும்.

கூடவே ஓட சைக்கிளைப்போல வேறு வாகனம் கிடையாது. நடந்தால் ஒரு மதகிலிருந்து அடுத்த மதகு போவதற்குள் வெயில் ஏறிவிடும். மோட்டார் சைக்கிளில் போனால் அதன் சத்தம் நமக்கு முன்னால் ஓடிப்போய் எல்லாப் பறவைக்கும் தகவல் சொல்லிவிடும். கார் போனால் எதிரே வருகிற மாட்டுக்கு ஒதுங்க இடமில்லை. சைக்கிள்தான் சரியான அளவு. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் போதும். அந்த வேகத்தில் காதும் மூக்கும் கண்ணும் ஒன்றுக்கொன்று போட்டியில்லாமல் வேலை செய்கின்றன. முதலில் ஈரமண் வாசனை, பிறகு எங்கோ அழுகும் நாவற்பழ வாசனை, பிறகு யாரோ சாணி எரிக்கும் புகை என்று வரிசையாக வரும். வாசனையைக் கொண்டே எந்த ஊருக்குப் பின்னால் போகிறோம் என்று சொல்லிவிடலாம்.

சரளையில் சைக்கிள் விடுவதற்குச் சில சூட்சுமங்கள் உண்டு. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். கல்லுப்போல அடித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு சரளைக்கும் ஒரு துள்ளல் துள்ளும். ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. வண்டி தானாகவே வழி தேடிக்கொள்ளும், நாம் அனுமதி கொடுத்தால் போதும். திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் பாதையை முகத்தால் அளக்க நேரும். டிராக்டர் தடத்தை விட்டு நடுப்புல்லுக்கு மாறுகிறபோது சாய்க்காமல் மெதுவாக மாற வேண்டும். வெளிநாடுகளில் இப்போது சரளைப் பாதைக்கென்றே அகல டயரும் வளைந்த பிடியுமாகச் சைக்கிள் செய்து லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்கிறார்கள். கறுப்பு வர்ணமடித்த, காரியர் வைத்த நம்முடைய கனத்த சைக்கிள் பிறந்த நாளிலிருந்தே அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது, இரண்டு மூட்டை உரத்தையும் ஏற்றிக்கொண்டு.

இன்னொரு விஷயம். டெல்டாவில் கல் கிடையாது. எத்தனை ஆழம் தோண்டினாலும் ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணும் மணலுந்தான். ஆகவே கரைமேல் டயருக்கடியில் நறநறக்கிற ஒவ்வொரு சரளையும் வெளியூர்க்காரன். தெற்கே வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து லாரியில் வந்து இறங்கியது. இத்தனை சிரமப்பட்டு யார், எதற்காக, ஊருக்குப் போகாத ஒரு பாதைக்குக் கல் கொண்டுவந்து போட்டார்கள்? இந்தக் கேள்வி எனக்கு வெகுநாள் தோன்றவில்லை. அழகான இடத்தில் போகிறவர்களுக்கு அந்த இடம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

பதில் சொன்னவர் ஒரு பழைய லஸ்கர். மதகுப் பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் கரையைப் பார்த்துக்கொள்வதும் லஸ்கர் வேலை. 2021-இல் நீர்வளத் துறை என்று தனியாகப் பிரித்துப் பெயர் வைத்துவிட்டார்கள். இவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றவர். இன்னும் 'பி.டபிள்யூ.டி.' என்றுதான் சொல்வார். பென்ஷன் வந்தாலும் காலை நடை கரைமேல்தான். ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, "எங்க தம்பி, தெனமும் இந்தப் பக்கம் போறீங்க?" என்றார்.

"சும்மாதாங்க. கரையோட போனா நல்லாருக்கு."

"சும்மா போறதுக்கா கரை போட்டாங்க?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் இறங்கி ஸ்டாண்டு போட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார்.

"ஐப்பசி மாசம், ராத்திரி ரெண்டு மணி, மழை பேயுது, ஆத்துல கரை தொட்டுத் தண்ணி போவுதுன்னு வச்சுக்குங்க. வயக்காட்டுப் பக்கம் சரிவுல ஒரு எடத்துல தண்ணி கசியுது. அதைப் பாத்ததும் ஓடிப்போயி அடைக்கக் கூடாது. குனிஞ்சு கையில ஏந்திப் பாக்கணும். தெளிவா வந்தா பயமில்லை, ஊத்துத் தண்ணி. கலங்கலா வந்திச்சோ, உள்ளுக்குள்ள கரை கரைஞ்சு வருதுன்னு அர்த்தம். எலி வளையோ, நண்டு வளையோ, பட்டுப்போன மரத்தோட வேரு மக்கின பொந்தோ, ஏதோ ஒண்ணு. அப்போ மணல் மூட்டையை வட்டமா அடுக்கிக் கெணறு மாதிரி கட்டுவோம். உள்ள தண்ணி ஏறி நின்னு, அதோட கனத்துலயே கசிவு அடங்கும். அதுக்கு மூட்டை வேணும், முளை வேணும், ஆளு வேணும். எல்லாம் வண்டியில வரணும். சேத்துல வண்டி வருமா? அதுக்குத்தான் தம்பி இந்தச் சரளை."

"மரமெல்லாம்?"

"முளைக்கு மூங்கில் எங்க போயித் தேடுறது, ரெண்டு மணிக்கு? கையெட்டுற தூரத்துல நிக்கணும்."

அன்றுதான் அந்தக் காடு எனக்கு அர்த்தமாயிற்று. இயற்கை அன்னை கருணையோடு விட்டுவைத்த சோலை என்று நான் எழுதக்கூடிய ஆள். அது கரையின் ஆயுதசாலை. மூங்கில் முளைக்காக நிற்கிறது. மருதம் மண்ணைப் பிடித்துக்கொள்ள நிற்கிறது. சரளை மூட்டை வண்டிக்காகக் கிடக்கிறது. அமைதிகூட யாரும் எனக்காக ஏற்பாடு செய்ததல்ல. உடைப்பு வருகிற ராத்திரிக்காகக் காலியாக வைத்திருக்கிற பாதை மற்ற நாளெல்லாம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கரிகாலன் காவேரிக்குக் கரை கட்டினான் என்று ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. ஆக, செப்பேடு வெட்டிய நாளிலேயே அது பழங்கதை. 1924 ஜூலையில் வந்த வெள்ளத்தைப்பற்றி எங்கள் வீடுகளில் மூன்று தலைமுறையாகப் பேசுகிறார்கள். அடுத்த ஆண்டில் தொடங்கி 1934-இல் மேட்டூர் அணையைக் கட்டி முடித்த பிறகு வெள்ளத்துக்குக் கடிவாளம் விழுந்தது. அதற்காகக் கரையின் வேலை தீர்ந்துவிடவில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்ததை எல்லாரும் பார்த்தோம். அது 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியது. நூற்றெண்பது வருஷம் நின்ற கட்டடம். தண்ணீர் வயசுக்கு மரியாதை கொடுப்பதில்லை.

இந்தக் கரைமேல் சைக்கிளில் போவதற்கென்று வருஷத்தில் ஒரு விசேஷ நாள் இருக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறப்பது வழக்கம். வழக்கம் மாறுவதும் உண்டு. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாலு நாள் ஆகும். அங்கே காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கு வைத்த பிறகு எங்கள் ஊர்த் தலைப்புக்கு வந்து, குடமுருட்டிக்குள் இறங்கும். அந்தத் தலைத் தண்ணீரோடு கூடப் போக வேண்டும். தண்ணீர் வேகமாக ஓடிவரும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நாலைந்து மாதம் காய்ந்த மணல் அதை அவ்வளவு சுலபமாக விடாது. குடித்துக் குடித்துத்தான் வழிவிடும். நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு, பள்ளத்தில் நின்று நிரம்பி, யோசித்து, மறுபடி கிளம்பி, நடக்கப் பழகும் குழந்தை மாதிரி வரும். நாம் சைக்கிளில் முன்னால் போய், ஒரு மருதமரத்தடியில் இறங்கி, அது வந்து சேரும்வரை காத்திருக்கலாம். அதற்கு முன்னாலேயே கொக்குகள் வரிசையாக நடந்து வரும், வளையை விட்டு ஓடிவருகிற பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு. பிறகு ஒரு சலசலப்பு. மதகுப் படியில் உட்கார்ந்திருக்கிற கிழவர்கள் எழுந்து நிற்பார்கள். ஒருவர் இறங்கி விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். யாரும் அதிகம் பேசமாட்டார்கள். காரில் வந்து பார்த்துவிட்டுப் போகிற காரியமல்ல இது. தண்ணீரின் நடைக்கு ஈடுகொடுத்துப் போகக்கூடிய வாகனம் வேண்டும்.

இனி சங்கடமான பகுதிக்கு வருகிறேன்.

சரளைக் கரைகள் ஒவ்வொன்றாகத் தாராகி வருகின்றன. 'ஐயோ, போச்சே' என்று நாலு வரி எழுதிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கரையில் புல்லுக்கட்டோடு எதிரே வந்த ஓர் அம்மாளிடம், "இந்தப் பாதை இப்படியே இருந்தா எவ்வளவு நல்லாருக்கு!" என்று ஒரு நாள் சொன்னேன். கட்டை இறக்கிவைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்களுக்கென்ன சாமி, வெள்ளிக்கெழமை வந்து ஞாயித்துக்கெழமை போறீங்க. மழை பேஞ்சா எம் பேத்தியை இடுப்புல வச்சுத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடணும். போன வருசம் எங்க ஊட்டு மருமவளுக்கு வலி எடுத்தப்ப நூத்தியெட்டு வண்டி பாலத்தோட நின்னுடிச்சு. கட்டில்ல போட்டுத் தூக்கியாந்தோம்."

அந்தப் பேச்சுக்கு எதிரே வைக்க என்னிடம் எந்த மயிலும் செம்போத்தும் இல்லை. தன் வீட்டு வாசலுக்குத் தார் வேண்டும் என்று கேட்கிறவளிடம் போய் மண்ணின் வாசனையைப்பற்றிப் பேசுவது அயோக்கியத்தனம். வண்டி வீடுவரை வரவேண்டும். அதில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

அவள் வீட்டைப் போய்ப் பார்த்தேன். ஏழெட்டு வீடுகள், கரையிலிருந்து இறங்கித் தோப்புக்குப் பின்னால். பாலத்திலிருந்து அங்கே போகக் கரைமேல் கொஞ்ச தூரந்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குத் தார் போட்டால் அவளுடைய குறை தீர்ந்தது. அதற்கு அப்பால் பாதை மூன்று மைலுக்கு ஒரு வீட்டுக்கும் போகவில்லை; ஒரு மதகிலிருந்து இன்னொரு மதகுக்குத்தான் போகிறது. ஆனால் தார் போடுகிறவர்கள் போட ஆரம்பித்தால் மூன்று மைலுக்கும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். அவளுடைய ஏழெட்டு வீட்டுப் பகுதி மட்டும் சின்ன வேலை என்று வருஷக்கணக்காக நிற்கிறது.

லஸ்கரிடம் இதைப்பற்றிக் கேட்டேன். அவருக்குத் தாரின்மேல் கோபமில்லை. அதன்மேல் வரப்போகிற சக்கரத்தின்மேல்தான் பயம்.

"மண்ணுல நடந்தா காலு சொல்லும் தம்பி, இந்த எடம் அமுங்குது, இந்த எடம் வெடிச்சிருக்குன்னு. தாரு போட்டு மூடிட்டா மேல வழுவழுன்னு இருக்கும், உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? பாதை நல்லாருந்தா பாரவண்டி வரும். பகல்ல ஒண்ணு வரும். ராத்திரியில பத்து வரும்."

ராத்திரி வண்டியில் என்ன போகும் என்று அவர் சொல்லவில்லை. ஆற்றங்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. மணல் போன ஆற்றில் தண்ணீர் மதகுக்கு ஏறாமல் கீழேயே போய்விடும். கரைக்கு அடியில் பள்ளம் விழும். மூங்கில் புதரைப் 'பாதை அகலம்' என்ற பெயரில் முதலில் எடுப்பார்கள், பிறகு மருதத்தை.

நாலு நாள் இதையே யோசித்ததில் எனக்கு ஒன்று தெளிவாகப் பட்டது. எங்கள் பிரதேசத்தில் சாலை இரண்டு ஜாதி. மனிதர் வீட்டுக்குப் போகிற சாலை ஒன்று. தண்ணீரோடு துணைக்குப் போகிற சாலை ஒன்று. முதலாவதை எவ்வளவு நன்றாகப் போட்டாலும் தகும். இரண்டாவதைச் சரளையும் புல்லுமாக, மரத்தோடு, பாரவண்டி ஏறாமல், ஆனால் பள்ளம் விழாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வீட்டுக்காரிக்குத் தாரும் வரவில்லை, ஆற்றுக்குக் கரையும் தங்கவில்லை. முன்னாளில் குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கும் கரைக்கும் போன காலத்தில் இந்த வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கரை யாருக்காக என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இதெல்லாம் பட்டிக்காட்டு ஆசை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இத்தாலியில் டஸ்கனி என்ற பிரதேசத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளைப் பாதைகள் பல இருந்தன. அவற்றைத் தார் விழுங்கிக்கொண்டு வந்தபோது, 1997-இல் கயோலே என்ற சிற்றூரில் சில பேர் சேர்ந்து, பழைய காலத்துச் சைக்கிள்களில் அந்தப் பாதைகளில் ஒரு நாள் சவாரி என்று ஏற்பாடு செய்தார்கள். 'லெரோயிக்கா' என்று பெயர். முதல் வருஷம் வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். வெளியூர்ப் பணமும் ஊருக்கு வருகிறது. பாதையைக் காப்பாற்ற வேண்டும் என்று உள்ளூர்க்காரர்களே பேசுகிறார்கள். சைக்கிள்காரன் போய்ப் போய்ப் பாதையைக் காப்பாற்றலாம் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி. யாரும் போகாத பாதையை யாரும் கேட்காமல் எடுத்துவிடுவார்கள். நாலு பேர் தினமும் போய்க்கொண்டிருந்தால், ஒரு மரம் குறைந்தாலும் 'நேற்று இருந்ததே' என்று சொல்ல ஆள் இருக்கும்.

திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லணைவரை சைக்கிளில் வருகிற இளைஞர்களை இப்போது பார்க்கிறேன். தலையில் தொப்பியும் காலில் இறுக்கிய உடையுமாக வருகிறார்கள். அவர்கள் தார்ச் சாலையிலேயே வந்து, படம் எடுத்துக்கொண்டு, தார்ச் சாலையிலேயே திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: கொஞ்சம் கிழக்கே வாருங்கள். எங்கள் ஊர்த் தலைப்பில் இறங்கி, பஸ் போகாத கரை எது என்று கேளுங்கள். யாரும் சொல்வார்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். மாடு வந்தால் நில்லுங்கள், அது நிற்காது. புல்லுக்கட்டோடு வருகிற பெண்மணிக்குத் தடத்தை விட்டுக்கொடுத்து நீங்கள் நடுப்புல்லுக்கு மாறுங்கள். மதகில் பலகை தூக்குகிறவர் இருந்தால் இறங்கி ஒரு கை கொடுங்கள். வயல் பக்கத்துச் சரிவில் எங்காவது தண்ணீர் கசியக் கண்டால் தாண்டிப் போய்விடாதீர்கள். குனிந்து கையில் ஏந்திப் பாருங்கள். கலங்கலாக இருந்தால் அடுத்த மதகுக்கு ஓடிப்போய்ச் சொல்லுங்கள். இத்தனை வருஷமாக அந்தப் பாதை அதற்காகத்தான் கிடக்கிறது.

தெளிவாக இருந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே போகலாம்.